முகத்துக்கு ஊசி தந்தவர்

முகச் சுருக்கத்துக்கு அக்குபஞ்சர் செய்துகொள்ள வருகிறவர்களில் பலர், "இது அந்தக் காலத்துச் சீன ராணிகள் செய்துகிட்டதாமே?" என்று கேட்டபடியே உட்காருவார்கள். விளம்பரங்கள் ஏற்படுத்திய எண்ணம் அது. அவர்களுக்கு நான் சொல்வது பார்வையில்லாத ஒரு மனிதரின் வரலாற்றை. முகத்தில் ஊசி வைக்கிற நாங்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

சீனத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல், பெண்ணின் வாழ்க்கையை ஏழேழு ஆண்டுகளாகப் பிரித்துப் பேசுகிறது. 35 வயதில் முகம் வாடத் தொடங்கும், 42 வயதில் தலை நரைக்கத் தொடங்கும் என்பது அதன் கணக்கு. முகத்தின் வழியே ஓடும் 'யாங்மிங்' பாதை தளர்வதுதான் முதல் வாட்டத்துக்குக் காரணம் என்கிறது. இரைப்பையோடும் பெருங்குடலோடும் தொடர்புடைய பாதை அது. முகத்துக்குச் சிகிச்சை செய்யும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்று என்று இன்றும் நாங்கள் ஊசி போடுவது அந்தக் கணக்கை நம்பித்தான்.

ஆனால் அன்றைய ஊசிகள் வேறு ரகம். நெய்ஜிங் விவரிக்கும் ஒன்பது வகை ஊசிகளில் கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பதும் உண்டு, ரத்தம் வடிப்பதும் உண்டு. கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறை 1968-இல் ஹெபெய் மாகாணத்தில் திறக்கப்பட்டபோது, பொன் ஊசிகள் நான்கும் வெள்ளி ஊசிகள் ஐந்தும் கிடைத்தன. அருமையான பொருள்கள்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே இருக்கும் மெல்லிய தோலுக்கு இன்று நாங்கள் எடுக்கும் ஊசி மயிரிழை போன்றது. அதற்கு வழி பிறந்தது ஜப்பானில்.

சுகியாமா வாயிச்சி 1610-இல் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போய், யாமாசே என்ற ஆசிரியரிடம் ஊசி மருத்துவம் கற்கச் சேர்ந்தார். பாடம் மனதில் நிற்கவில்லை, கையும் ஓடவில்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். மனமுடைந்தவர் எனோஷிமா தீவின் குகையில் பென்சைட்டென் தெய்வத்தை நோக்கி உண்ணா நோன்பு இருந்தாராம். பென்சைட்டென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு கடல் கடந்த நம் சரஸ்வதிதான். நோன்பு முடித்துத் திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தார். கையில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால், சுருண்ட இலைக்குள் ஒரு பைன் ஊசி. இது மரபாகச் சொல்லிவரும் கதை. அவர் தடுக்கி விழுந்ததாகச் சொல்லும் கல்லை அந்தத் தீவில் இன்றும் காட்டுகிறார்கள்.

அவர் பெயரோடு சேர்ந்து நிலைத்தது வழிகாட்டிக் குழல். ஊசியைவிடச் சற்றே குட்டையான சிறு குழல் அது. ஊசியை உள்ளே விட்டால் அதன் தலை மட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். குழலைத் தோலில் லேசாக அழுத்திப் பிடித்து, ஆள்காட்டி விரல் நுனியால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் ஊசி இறங்கிவிடும். குழல் விளிம்பின் அழுத்தத்தில் குத்துகிற வலி பெரும்பாலும் தெரிவதில்லை. 0.16 மில்லிமீட்டர் ஊசியை வெறும் கையால் தள்ளினால் வளைந்துபோகும். குழலுக்குள் வளைய இடமில்லை. இடத்தை விரலால் தேடி, குழலை நிறுத்தி, தட்ட வேண்டும். இதில் கண்ணுக்கு வேலையே இல்லை.

அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் சுனயோஷிக்குச் சிகிச்சை செய்து பெரும் புகழ் பெற்றவர், அந்தச் செல்வாக்கைக் கொண்டு பார்வையற்றோருக்கு ஊசி மருத்துவப் பள்ளி நடத்தினார். 1694-இல் அவர் இறந்த பிறகும் சீடர்கள் பள்ளிகளைப் பெருக்கினார்கள். 1871-இல் மெய்ஜி அரசு பார்வையற்றோரின் தொழிற்சங்கத்தைக் கலைத்தது. 1947-இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஊசி மருத்துவத்தையே தடுக்கப் பார்த்தபோது, பார்வையற்ற மருத்துவர்களும் எதிர்த்து நின்றார்கள். அந்த ஆண்டு இறுதியிலேயே தொழிலைக் காக்கும் சட்டம் வந்தது. ஜப்பானியப் பார்வையற்றோர் பள்ளிகளில் இன்றும் இது பாடம்.

முக அழகுக்கென்று தனிச் சிகிச்சையாக இது பரவியது அண்மைக் காலத்தில்தான். பலன் என்ன என்றால், ஊசி இறங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், முகம் சிவந்து பளிச்சென்று தெரியும். சுருக்கம் குறையுமா என்றால், 2013-இல் வெளிவந்த தென்கொரிய ஆய்வு ஒன்றில் 28 பெண்களுக்கு மூன்று வாரத்தில் ஐந்து முறை செய்து பார்த்து, தோலின் மீள்தன்மை கூடியதாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. அதனால் அதை முடிந்த முடிவாக நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணோரம் ரத்தம் கட்டலாம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் வரக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

ராணி கதையை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. விரல் நுனியை நம்பிப் பிழைத்த ஏழை எளியவர்கள் பல தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்த கலையை அது அரண்மனைக்கு எழுதி வைத்துவிடுகிறது. முக அக்குபஞ்சர் பயிற்சியில் முதல் பாடம் சுகியாமா வாயிச்சியாக இருக்கட்டும். நம் ஊர்ப் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் அந்த வகுப்பில் இடம் இருக்கட்டும். 'உனக்கு வராது' என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் உருவாக்கிய தொழிலில், அவர்களை நாமே திருப்பி அனுப்புவது நியாயமில்லை.