காணாமல் போன சூடு

மாதக் கடைசி. வரவு செலவு எழுதிப் பார்க்கிறீர்கள். ஐந்நூறு ரூபாய் உதைக்கிறது. ‘எங்கேயாவது போயிருக்கும், விடு’ என்று நோட்டை மூடிவிடுவீர்கள், இல்லையா?

1960-களில் விஞ்ஞானிகளுக்கும் ஒரு கணக்கு உதைத்தது. அவர்கள் நோட்டை மூடவில்லை!

கடலடியில் நீண்ட மலைத்தொடர்கள் இருக்கின்றன. உருகிய பாறை மேலே வந்து, புதுத் தரையாக இறுகும் இடம். அந்தத் தரை இவ்வளவு சூட்டை வெளியிட வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கடலடிச் சேற்றில் வெப்பமானியைக் குத்தி அளந்தால்... ரொம்பவே குறைவு. மிச்சச் சூடு எங்கே?

1972-ல் கிளைவ் லிஸ்டர் என்ற புவி இயற்பியலாளர் துப்புக் கொடுத்தார். கடல்நீர் பாறை விரிசல்களில் இறங்கி, சூடேறி, வெந்நீராக வெளியே வருகிறது. சூட்டைச் சுமந்துகொண்டு போவது தண்ணீர்தான்!

சரி, யார் பார்த்தது?

பிப்ரவரி 1977. காலபாகஸ் தீவுகளுக்கு அருகே, இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு காமிராக் கூண்டைக் கப்பல் இழுத்துப் போனது. ஓரிடத்தில் வெப்பம் சட்டென்று ஏறி இறங்கியது. எடுத்த சுமார் 3,000 படங்களில் பதிமூன்றில் மட்டும் கூட்டம் கூட்டமாகச் சிப்பிகள்! ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தால், வெந்நீர் ஊற்று. சுற்றிலும் நண்டு, சிப்பி, குழாய்ப் புழு. வந்த குழுவில் உயிரியல் நிபுணர் ஒருவர்கூடக் கிடையாது. சில உயிரினங்களை ரஷ்ய வோட்காவில் போட்டுத்தான் காப்பாற்றினார்கள்!

1979-ல், மெக்சிகோவுக்கு அருகே, கறுப்பாகக் கக்கும் புகைபோக்கிகள். நீரின் சூடு 350 டிகிரி செல்சியஸுக்கும் மேல். கறுப்பாகத் தெரிந்தது புகையல்ல, கந்தகத்தோடு சேர்ந்த உலோகத் துகள்கள். புகைபோக்கிகளில் செம்பும் துத்தநாகமும் படிந்திருந்தன. அதாவது, காசு!

காசென்றால் கம்பெனி வராதா? பப்புவா நியூ கினியின் பிஸ்மார்க் கடலில், 1,600 மீட்டர் ஆழத்தில் ‘சொல்வாரா 1’. அந்த ஊர் டோக் பிசின் மொழியில் ‘உப்புத் தண்ணீர்’ என்று பொருள். இந்தத் தாது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மின்காந்தக் கருவியை இறக்கியே அது எங்கெங்கே கிடக்கிறது என்று தேடினார்கள். 2011-ல் நாட்டிலஸ் என்ற கனடா கம்பெனிக்குச் சுரங்க உரிமம் கிடைத்தது. பிறகு அரசாங்கமும் 15 சதவிகிதப் பங்கு வாங்கியது. கடலோர மக்கள் எதிர்த்தார்கள். சுரங்கம் தொடங்கும் முன்பே, 2019-ல் கம்பெனி திவால்! அரசு போட்ட பணம் கடலில் கரைத்த பெருங்காயம்.

தொலைந்த சூட்டைத் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தது ஓர் உயிருலகத்தை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதிய கணக்கில் செம்புக்கு விலை இருந்தது. அந்தச் சிப்பிகளை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள், வரவிலா, செலவிலா?