முன்வரிசையா, மேல்படியா?

திறந்தவெளிக் கச்சேரின்னா முன்வரிசைக்குத்தான் எப்பவும் போட்டி. அந்த வரிசைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. ஆனால் அது மரியாதையின் சரித்திரம், காதின் சரித்திரம் அல்ல. ஏதென்ஸின் டயோனிசஸ் அரங்கில் முன்வரிசைக் கல் ஆசனங்கள் பூசாரிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும். மற்ற ஜனங்களுக்கு மலைச்சரிவில் படிகள்.

அந்தப் படிகளில்தான் விஷயமே! எபிடாரஸ் அரங்கில் 55 வரிசைகள். மைக் இல்லாமலே மேல்படிவரை குரல் போகும். கல்படிகள் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான இரைச்சலை அடக்கிவிடுகின்றன என்று 2007-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கண்டார்கள். சரிவும் முக்கியம்: சமதரையில் முன்னால் இருப்பவர் தலைகளே பாதி ஒலியை விழுங்கிவிடும்.

நம் நாட்டிலும் நாகார்ஜுனகொண்டாவில் இக்ஷ்வாகு மன்னர் காலத்துப் படியரங்கம் கிடைத்தது. அணை நீரில் அந்த இடம் மூழ்கவிருந்ததால் அதை அனுபுவில் மறுபடி அமைத்தார்கள். நெய்வேலிக்காரனுக்கு இந்த உருவம் புதுசா என்ன? நம்ம சுரங்கமே பெஞ்சு பெஞ்சாக இறங்கும் அரங்கம்தானே. (உட்காரத்தான் விடமாட்டார்கள்!)

மைக் வந்தபின் மைதானம் சமதரையாயிற்று, முன்னால் சோபா வந்தது. சிபாரிசு இல்லாமல் குடும்பத்தோடு வந்தவர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். நம் சங்கம் என்றாவது திறந்தவெளி மேடை கட்டினால், மேடை அலங்காரத்துக்கு முன் பத்துப் படிக்கு மண் கொட்டணும். இது என் கட்சி.

அதுவரை, தம்பி தங்கைகளே, சோபாவுக்கு அடிச்சுக்காதீங்க. அங்கே ஒரு பக்க ஸ்பீக்கர்தான் காதைப் பிளக்கும். மிக்ஸர் வைத்திருப்பவர் தன் காதுக்குத் தக்கபடிதான் ஒலியைச் சரிசெய்கிறார். அவருக்கு முன்னால் ரெண்டு வரிசை, நடுவில் பிடிங்க.