சத்தம் போடாத பெல்ட்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் போன் செய்தார். "மாமா, ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்து வச்சிருக்கேன். டீசல், 2012 மாடல். நீங்களும் வந்து ஒரு பார்வை பாருங்க" என்றார். காரில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு பாகம்தான். அதையும் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்த டைமிங் பெல்ட்டின் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்; இப்போது வேளை வந்தது.

எஞ்சினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட், தலையில் கேம் ஷாஃப்ட். கீழே இருப்பது இரண்டு சுற்று சுற்றினால் மேலே இருப்பது ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்த ஒரு சுற்றில் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறந்து மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒரு வால்வு வினாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இந்தக் கணக்கு ஒரு பல்கூடத் தவறாமல் இரண்டையும் கட்டிவைப்பதுதான் அந்தப் பெல்ட். இங்கிலீஷ்காரன் 'டைமிங்' என்கிறான். நான் படித்த பிரெஞ்சில் அதன் பெயர் 'கூருவா த திஸ்த்ரிபூசியோன்', அதாவது பங்கிட்டுக் கொடுக்கிற பட்டை. ரேஷன் கடையில் அளந்து கொடுப்பது போல, எந்த சிலிண்டருக்கு எப்போது காற்று, எப்போது புகைக்கு வழி என்று பங்கிடுகிறது. எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

எங்கள் சின்ன வயதில் இந்த வேலையைச் செய்தது சங்கிலி. ஊரில் ஓடிய பெஜோ 203, பிறகு வந்த அம்பாசடர், ஃபியட் எல்லாவற்றிலும் டைமிங் செயின்தான். எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்துகொண்டு ஓடும். பழசானால் நீளும், நீண்டால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று கத்தும். மேஸ்திரி பானெட்டில் காதை வைத்தே "செயின் போயிடுச்சு சார்" என்று சொல்லிவிடுவார். போகும் முன்னால் சொல்லிவிட்டுப் போகிற பாகம் அது.

பல் வைத்த ரப்பர் பெல்ட் பிறந்தது கார் பட்டறையில் இல்லை, தையல் மெஷினில். 1940-களில் அமெரிக்காவில் சிங்கர் மெஷினுக்காகச் செய்தார்கள். மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். சாதாரண பெல்ட் வழுக்கினால் தையல் விட்டுப்போகும். அதற்காகப் பெல்ட்டின் உள்பக்கம் பல் வைத்தார்கள். நம் வீடுகளில் அம்மா காலால் மிதித்த மெஷினில் இது கிடையாது, அது தோல் வார்.

காருக்கு வந்தது 1962-ல். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரில் ஹான்ஸ் கிளாஸ் என்பவரின் கம்பெனி இருந்தது. முதலில் விவசாயக் கருவிகள், பிறகு ஸ்கூட்டர், பிறகு 'கோகோமொபில்' என்ற குட்டிக் கார் செய்தவர்கள். அவர்களுடைய கிளாஸ் 1004 தான் பல் பெல்ட்டோடு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட முதல் கார். 992 சி.சி. எஞ்சின். கேம் ஷாஃப்ட்டைத் தலைக்கு ஏற்றினால் கிராங்குக்கும் அதற்கும் தூரம் கூடிவிடுகிறது. அவ்வளவு நீளச் சங்கிலி விலையும் அதிகம், சத்தமும் அதிகம். ரப்பர் பெல்ட்டுக்கு எண்ணெய் வேண்டாம், எடை குறைவு, மலிவு. 1966-ல் அமெரிக்காவில் பான்டியாக்கும், இத்தாலியில் ஃபியட்டுக்காக லாம்ப்ரெடி என்ற எஞ்சினியரும் இதே வழிக்கு வந்தார்கள். அதே வருடம் கிளாஸ் கம்பெனியை பி.எம்.டபிள்யூ. வாங்கிவிட்டது. நம் நாட்டில் இது வீட்டுக்கு வீடு வந்தது 1983 டிசம்பரில் பிறந்த மாருதி 800-ஆல். காதை வைத்துக் கேட்டே பழகிய மேஸ்திரிகளுக்குச் சத்தமே போடாத ஒரு பாகம் வந்து சேர்ந்தது.

இனி என் கதை. 2004-ல் பி.எஃப். கடன் போட்டு ஏழு வருட டீசல் கார் ஒன்று வாங்கினேன். மீட்டரில் 58,000 கி.மீ. விற்றவர் கெட்டிக்காரர். நான் கேட்காமலே மேல் மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் திருகிக் காட்டினார். "பாருங்க சார், ஒரு வெடிப்பு இருக்கா?" இல்லை. கறுகறுவென்று புதுசு மாதிரி இருந்தது. அட்வான்ஸ் கொடுத்தேன்.

நாலாவது மாதம் மகளுக்குச் சென்னையில் இன்டர்வியூ. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கிளியனூர் தாண்டியதும் எஞ்சின் சுவிட்சை அணைத்தது போல நின்றது. முனகல், புகை, நாற்றம் எதுவும் இல்லை. மறுபடி சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் கனமே இல்லாமல் விர்ரென்று சுற்றியது. அது கெட்ட சகுனம் என்று அன்று எனக்குத் தெரியாது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பட்டியலை மூடிவிட்டார்கள். மகள் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு மறக்கவில்லை.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன. அந்த மாதிரி எஞ்சினில் பெல்ட் போனால் வால்வு திறந்தபடி நின்றுவிடும். பிஸ்டன் ஏறி வந்து இடிக்கும். செலவு இருபத்திரண்டாயிரம். மேஸ்திரி பழைய பெல்ட்டை என் கையில் கொடுத்தார். முதுகு இன்னமும் பளபளவென்றுதான் இருந்தது. உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை, வேரோடு போயிருந்தது.

ஏன் வெளியே தெரியவில்லை என்பது பிறகு படித்துத் தெரிந்தது. முதல் தலைமுறை பெல்ட்டுகள் குளோரோப்ரீன் என்ற ரப்பரில் செய்தவை. சூட்டில் காய்ந்து முதுகில் வெடிப்பு விடும். திருகிப் பார்க்கிற வழக்கம் அந்தக் காலத்துடையது, அப்போது அது நியாயமும்கூட. 1980-களுக்குப் பிறகு சூடு தாங்கும் வேறு ரப்பர் வந்தது. அது கடைசி வரை வெடிப்பு காட்டாமலே இருக்கக்கூடும். ரப்பர் மாறியது, பரிசோதனை மாறவில்லை. இன்னொன்று: பெல்ட்டின் பலம் ரப்பரில் இல்லை, உள்ளே ஓடும் கண்ணாடி இழையில் இருக்கிறது. அதை மடித்தாலோ முறுக்கினாலோ இழை முறியும். அன்று அவர் திருகிக் காட்டியது எனக்கு உபகாரமா அபகாரமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் கேட்டது, "பெல்ட்டா, செயினா?" ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் நம் ஊரில் பல கம்பெனி கார்களில் உண்டு, அது செயின். இது பெல்ட். மூடியைக் கழற்றச் சொன்னேன். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றவைத்து முழு பெல்ட்டையும் பார்த்தோம். மேலே தெரிகிற ஒரு சாணை மட்டும் பார்ப்பது பார்த்ததாகாது. ஓரம் நூல் பிரிந்திருக்கிறதா, பல்லின் அடியில் கீறல் உண்டா, எண்ணெய் பட்டு ஊறியிருக்கிறதா, வாட்டர் பம்ப்பிலிருந்து தண்ணீர் கசிந்த கறை உண்டா என்று பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. மருமகனுக்கு முகம் மலர்ந்தது.

"பெல்ட் எப்ப மாத்தினீங்க?" என்று விற்பவரைக் கேட்டேன்.

"மாத்தியாச்சு சார், ரெண்டு வருஷம் இருக்கும்."

"பில்?"

பில் இல்லை. மாற்றியவர்கள் தேதியும் கி.மீ.யும் எழுதி ஒட்டுகிற ஸ்டிக்கரும் இல்லை. எங்கள் ஆபீஸில் ஃபைலில் இல்லாதது நடக்காதது. கம்பெனி புத்தகம் இத்தனை கி.மீ. அல்லது இத்தனை வருடம், எது முந்தியோ அது என்கிறது. மீட்டரை நம்ப முடியாது, வருடத்தை நம்பலாம். மாற்றிய தேதி தெரியாவிட்டால் 2012 தான் தேதி.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை கணக்குப் போட்டு விலையில் கழிக்கச் சொன்னேன். கொஞ்சம் முறுக்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பெல்ட் மாற்றினார்கள். பில்லை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளும்படி மகளிடம் கொடுத்தேன். "சரிப்பா" என்று வாங்கிக்கொண்டாள்.