வாரிசு வழியும் வாழும் வீடும்: தென்திருவிதாங்கூர் மருமக்கள்வழி பற்றி ஒரு மறுவாசிப்பு

2020 ஜூலை 13 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலைப் பேணும் உரிமை திருவிதாங்கூர் அரச குடும்பத்திடமே நீடிக்கும் என்றது. அக்கோயிலின் நிலவறைகளில் உள்ள செல்வத்தைப் பற்றிய பேச்சில் ஒரு செய்தி அமிழ்ந்துபோயிற்று. அந்த உரிமை அக்குடும்பத்துக்குள் மருமக்கள்வழியாகவே, அதாவது தாய்வழியில் சகோதரர்களுக்கும் சகோதரியின் மகன்களுக்குமே, இறங்கிவருகிறது. 1991இல் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா மறைந்தபின் தம்பி உத்திராடம் திருநாளிடமும், 2013இல் அவரும் மறைந்தபின் சகோதரியின் மகன் மூலம் திருநாளிடமும் அது சேர்ந்தது. கேரளத்தின் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. தரவாடு எனப்படும் தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தில் பிறப்பினாலேயே கிடைத்துவந்த உரிமையை அது நீக்கிவிட்டது. ஊரார்க்கு முடிந்துபோன முறை, கோயில் இருக்கும் கிழக்கேகோட்டைக்குள் ஒரு தெய்வத்தின் பேரால் இன்றும் நடக்கிறது.

மருமக்கள்வழி எப்படி மறைந்தது என்பதற்கு ஆய்வுலகில் ஒரு பழகிய கதை இருக்கிறது. குடும்பத் தலைமை அம்மாவனிடமிருந்து, அதாவது தாய்மாமனிடமிருந்து, அப்பாவுக்கு மாறியது என்பதே அதன் சாரம். இந்த மாற்றம் பற்றி ஜி. அருணிமா 2003இல் வெளியிட்ட நூலுக்கு, கிளிமானூர் ரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தின் பெயரையே வைத்தார். ஓவியத்தில் கைக்குழந்தையோடு நிற்பவர் ரவிவர்மாவின் மகள் மகாபிரபா. வருகிற அப்பா ஓவியச் சட்டத்துக்கு வெளியே எங்கோ இருக்கிறார். அருணிமாவின் வாசிப்பு கூர்மையானது. ஆனால் அந்த ஓவியத்தை நான் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி வேறு. அப்பா வருகிறார், சரி. அந்தப் பெண் நிற்பது யார் வீட்டில்?

இக்கட்டுரையின் வாதம் அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கிறது. சொத்து எந்த வழியில் இறங்குகிறது என்பதைக் காட்டிலும், திருமணத்துக்குப் பின் ஒரு பெண் எந்த வீட்டில், எந்த உரிமையில் வாழ்கிறாள் என்பதே அவளுடைய நிலையைத் தீர்மானித்தது. வாரிசு வழியை மாற்றிய சட்டங்களால் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. திருவனந்தபுரத்தின் குடும்பங்களில் தலைமுறைகளுக்கிடையே இன்று நிகழும் உரசல்களில் பல, அந்த விடையில்லாத இடத்திலிருந்தே வருகின்றன.

மருமக்கள்வழி என்றதும் மானிடவியல் படித்தவர்களுக்கு கேத்லீன் கஃப் வரைந்த சித்திரம்தான் நினைவுக்கு வரும். மனைவி தன் தரவாட்டிலேயே இருப்பாள். சம்பந்தம் என்ற மண உறவில் கணவனான சம்பந்தக்காரன் இரவில் வந்து காலையில் தன் வீட்டுக்குப் போவான். பிள்ளைகள் தாய்வீட்டில் அம்மாவனின் காவலில் வளர்வார்கள். 1940களின் பிற்பகுதியில் அவர் செய்த களப்பணியையும் அதற்கு முந்தைய நடு மலபார், கொச்சி வழக்கங்களையும் அடிப்படையாகக் கொண்ட சித்திரம் அது. பாடநூல்களில் இதுவே நாயர் குடும்பம் என்று நிலைத்துவிட்டது. திருவிதாங்கூரின் தெற்கில் நிலைமை வேறு என்பதை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் கே. சாரதாமணி. இங்கே மனைவி கணவனோடு அவனுடைய வீட்டிலோ தனி வீட்டிலோ வாழ்வது அரிய விலக்கு அல்ல. வாரிசு வழி ஒன்று, வாழும் வீடு வேறு. இந்தப் பிளவைக் கணக்கில் எடுக்காமல் ‘தாய்வழிச் சமூகத்தில் பெண்ணுக்கு உயர்ந்த நிலை’ என்று பேசுவதும், ‘அது பெண்ணுக்குக் கொடுமை’ என்று பேசுவதும் பாதி உண்மைகளே.

இதற்கு மிகத் தெளிவான சான்று தமிழர்களிடம் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களின் நாஞ்சில்நாட்டு வேளாளர்களில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியினர். தமிழ் பேசியவர்கள், நெல்வயல்களின் உடைமையாளர்கள், திருவனந்தபுரத்து அரசுப் பணிகளிலும் இருந்தவர்கள். சொத்து அவர்களிடம் சகோதரி மகனுக்கே போயிற்று. ஆனால் மனைவி தாய்வீட்டில் இருக்கவில்லை. கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். அதாவது, அவள் வாழ்நாளெல்லாம் உழைத்த வீட்டுக்கு வாரிசு அவள் பெற்ற மகன் அல்லன். அவளுடைய நாத்தனாரின் மகன். கணவன் கண்மூடியதும் அந்த வீட்டில் அவளுக்கு இடம் உண்டா என்பது புதிய காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், மனத்தைப் பொறுத்தது. தந்தை மகனுக்கு உகந்து கொடுக்கும் சிறு பங்குக்கு ‘உகந்துடைமை’ என்று பெயர். அந்தப் பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது: மகனுக்கு வருவது உகப்பினால், மருமகனுக்கு வருவது உரிமையினால்.

தேரூரில் பிறந்து திருவனந்தபுரத்தில் ஆசிரியப்பணி செய்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 1917-18இல் ‘தமிழன்’ இதழில் எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ இந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல். கதையைச் சொல்பவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. இலக்கிய வரலாறுகள் இதை அங்கதமாக மட்டும் வகைப்படுத்துவது எனக்குப் போதவில்லை. மனைவியின் இடத்திலிருந்து மருமக்கள்வழி எப்படித் தோன்றும் என்பதை இவ்வளவு நுட்பமாகப் பதிந்த சமூகவியல் ஆவணம் வேறு மொழிகளில் கிடைப்பது அரிது. அதே முறையைச் சகோதரியின் இடத்திலிருந்து எழுதியிருந்தால் கிடைத்திருப்பது வேறு காவியமாக இருக்கும். ஏனென்றால் ஒரே பெண் பிறந்த வீட்டில் சகோதரியாகவும் புகுந்த வீட்டில் மனைவியாகவும் இருந்தாள். ஒரு வீட்டில் அவள் மகன் வாரிசு, இன்னொரு வீட்டில் அதே மகன் அன்னியன். சகோதரியாக அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பும் மனைவியாக அவள் பட்ட அவமதிப்பும் ஒரே விதியின் இரு விளைவுகள்.

இந்த முரணைத் தணிக்க ஒரு பழைய வழி இருந்தது. ‘மருமகன்’ என்ற சொல்லிலேயே அது ஒளிந்திருக்கிறது. தமிழில் ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகனும் மருமகன், மகளின் கணவனும் மருமகன். முறைப்பெண்ணை மணக்கும் சமூகத்தில் இருவரும் ஒருவராகவே இருக்கலாம் என்பதால் ஒரு சொல் போதும். திராவிட உறவுமுறைச் சொற்களை லூயி துய்மோன் 1950களிலிருந்தும் தாமஸ் டிரவுட்மன் பின்னரும் ஆராய்ந்தது இந்தத் தர்க்கத்தைத்தான். காரணவரின் மகளை அவருடைய வாரிசான சகோதரி மகனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டால், மகள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே மனைவியாக நிலைக்கிறாள். விதவையாகும் தாயும் மகளின் நிழலில் அங்கேயே இருக்கலாம். முறைமணம் என்பது உறவு விட்டுப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று பொதுவாகச் சொல்வார்கள். மருமக்கள்வழி வீடுகளில் அது அதைவிடக் கடினமான ஒரு வேலையையும் செய்தது: வாரிசு வழிக்கும் வாழும் வீட்டுக்கும் இடையிலான விரிசலை ஒரு தலைமுறைக்காவது பூசி மறைத்தது. முறைப்பெண் கல்யாணம் அமையாத வீட்டில் அந்த விரிசல் வெளிப்படையாகத் தெரிந்தது.

சட்டங்கள் வந்த வரிசை பலரும் அறிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். 1908இல் திருவிதாங்கூர் அரசு மருமக்கத்தாயக் குழுவை அமைத்தது. 1912 நாயர் சட்டம் சம்பந்தத்தைத் திருமணமாக ஏற்றது. சுயசம்பாத்தியத்தில் மனைவி மக்களுக்குப் பங்கு தந்தது. 1925 சட்டம் தரவாட்டை ஆள்வீதம் பாகம் வைக்க வழிசெய்தது. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளருக்குத் தனிச்சட்டம் வந்தது. கடைசி இரண்டும் நிறைவேறிய காலத்தில் ஆட்சி சேது லட்சுமி பாயின் கையில் இருந்தது. அவர் ரவிவர்மா ஓவியத்தில் நிற்கும் மகாபிரபாவின் மகள். 1900இல் மாவேலிக்கரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குத் தத்தெடுக்கப்பட்ட இரு சிறுமிகளில் ஒருவர். வம்சம் நிலைக்க ஆண் பிள்ளையைத் தேடும் நாட்டில், பெண் பிள்ளை இல்லாமல் போனால் வம்சம் அற்றுவிடும் என்று பெண்களைத் தத்தெடுத்த வீடு அது. அந்த வீட்டின் பெண்ணே ஊராரின் தரவாடுகளைப் பிரிக்கும் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். தரவாடுகளின் உள்ளிருந்தே எழுந்த கோரிக்கையின் அழுத்தம் எவ்வளவு என்பதை இதிலிருந்து உணரலாம்.

கோரிக்கையை முன்னெடுத்தவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் ஆங்கிலம் படித்த அனந்திரவர்கள், அதாவது காரணவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட இளைய ஆண்கள். தாங்கள் சம்பாதித்ததைத் தங்கள் மனைவி மக்களுக்குக் கொடுக்க அவர்கள் விரும்பினார்கள். அந்த விருப்பம் நியாயமானது. கவிமணியின் கதைசொல்லி போன்ற மனைவிகள் அதனால் உண்மையாகவே பயனடைந்தார்கள். பாகம் வைத்தபோது பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான பங்கு கிடைத்தது. ஆகவே சட்டம் பெண்ணின் சொத்தைப் பறித்தது என்று சொல்வது தவறு. அது எடுத்துக்கொண்டது வேறொன்றை. பங்கு போட முடியாத வீடு ஒன்று இருந்தது. எப்போது வேண்டுமானாலும், யாரிடமும் கேட்காமல் திரும்பிவரக்கூடிய வீடு. ஐந்து பேருக்குப் பிரித்தபின் ஐந்து சிறு நிலங்கள் கிடைத்தன. அந்த வீடு கிடைக்கவில்லை.

தந்தையின் சொத்து பிள்ளைகளுக்குப் போகும் மக்கள்வழிச் சமூகங்களின் நிலையை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து எழுதிய நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் செட்டியார் குடும்பமொன்றின் கதை. கணவன் தள்ளிவைத்த அக்காள் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதும் அவ்வீடு படும் பாடு அதன் மையம். மருமக்கள்வழித் தரவாட்டில் அவள் திரும்பிவருவது ஒரு நிகழ்ச்சியே ஆகாது. அவள் அங்கிருந்து உண்மையில் வெளியேறியதே இல்லை. திருவிதாங்கூரின் கிறித்தவப் பெண்களுக்கு 1916 சட்டம் மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வரம்பிட்டது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சம உரிமையை நிலைநாட்டும்வரை அந்த வரம்பு நீடித்தது. அவ்வழக்கின் தொடக்கமும் ஒரு மகள் தன் தந்தையின் வீட்டில் தங்குவது பற்றிய தகராறே.

இப்போது இன்றைய நகரத்துக்கு வருகிறேன். பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிராமங்களிலும் நகர்ப்பகுதிகளிலும் திருமணமான 502 பெண்களிடம் ஆய்வு நடத்தி, முடிவுகளை 2005இல் வெளியிட்டார்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனின் அடி உதைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நிலம் மட்டும் உடையவர்களில் அது 18 விழுக்காடு. வீடு மட்டும் உடையவர்களில் 10. இரண்டும் உடையவர்களில் 7. நிலத்தைவிட வீடு கூடுதலாகக் காக்கிறது என்பதை இந்த எண்களில் நான் அழுத்திப் படிக்கிறேன். நிலம் வருமானம் தரும்; வீடு வெளியேறப் போக்கிடம் தரும். போக்கிடம் உண்டு என்று கணவனுக்குத் தெரிந்திருப்பதே பாதுகாப்பு. நூறாண்டுக்கு முன் தரவாடு தந்த அதே பாதுகாப்பை, இன்று தன் பெயரில் வீட்டு ஆதாரம், அதாவது பத்திரம், பதிந்த சில பெண்கள் மட்டும் பெறுகிறார்கள். மற்றவர்களின் பங்கு ஸ்திரீதனமாக, அதாவது வரதட்சணையாக, மாறி, நகையாகவும் காராகவும் கணவன் வீட்டுக்குப் போய்விடுகிறது. திரும்பிவர நேரும்போது அது கூடவே திரும்புவதில்லை. 1961இலேயே சட்டம் தடைசெய்த வழக்கம் இது. தாய்வழி மரபுள்ள சாதிகளிலும் அது இவ்வளவு வேரூன்றியதை எண்ணும்போது எனக்கு வேதனையே மிஞ்சுகிறது.

வளைகுடாப் புலம்பெயர்வு இந்தக் கேள்வியை வேறு விதத்தில் மீண்டும் எழுப்பியது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு 1998இல் வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவரைச் சுமார் 13.6 லட்சம் என்றும், 2013இல் சுமார் 24 லட்சம் என்றும் கணக்கிட்டது. கணவன் துபாயில் இருக்கையில் மனைவி யாரோடு இருப்பாள்? மாமியாரோடா, தன் தாயோடா? லீலா குலாட்டி 1993இல் வெளியிட்ட நூல், ஆண்கள் இல்லாத வீடுகளில் பெண்கள் முடிவெடுக்கக் கற்றுக்கொண்ட கதையைப் பதிந்தது. அந்த வீடுகளில் தாயும் மகளும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதை இந்நகரில் யாரும் காணலாம்: பேறுகாலத்துக்கு மகள் வருகிறாள், பேரப்பிள்ளைகள் அம்மாவீட்டில் வளர்கிறார்கள், தாய் தளர்ந்ததும் மகள் வீட்டுக்குப் போகிறாள். எந்தச் சட்டமும் விதிக்காத ஒழுங்கு இது.

அப்படித் தளரும் முதியோரும் சிலரல்லர்: 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் 60 வயது கடந்தவர்கள். 2007இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் ஒரேபோலப் பொறுப்பாக்குகிறது. கவனிப்பேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் மீட்கவும் வழி தருகிறது. தன் சொத்தைக் குடும்பத்தாருக்குப் பிரித்துத் தரும் தனநிச்சய ஆதாரம் எழுதும் முதியவர் வீட்டை மகனுக்கும் நகையை மகளுக்கும் கொடுத்துவிட்டு, தளர்ந்தபின் மகளிடம் போய்ச் சேரும்போது, அந்த மகள் அவரை வைத்துக் காப்பது தன் பெயரில் இல்லாத வீட்டில்.

நம் கணக்கெடுப்புகளால் இதைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவர் ஒருவரைக் குறித்து, மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு என்றே படிவம் கேட்கிறது. மகளோடு வாழும் தாய், மருமகன் தலைவரானால், ‘மாமியார்’ என்று பதிவாகிறாள். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான உறவு எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும்: இந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? இங்கிருந்து வெளியேற நேர்ந்தால் கேட்காமல் போய்த் தங்க எந்த வீடு இருக்கிறது? இரண்டாவது கேள்வியை மனைவியிடமும், விதவைத் தாயிடமும் தனித்தனியே கேட்கவேண்டும்.