ஒரு பைசாவும் ஒரு தோட்டாவும்

போலீஸ் துப்பாக்கிக்குக் கணக்கு மிகவும் கண்டிப்பு. ஸ்டேஷனில் ஆயுதங்களை வைத்துப் பூட்டும் இடத்தில் ஒரு ரிஜிஸ்தர் உண்டு. எந்த நம்பர் துப்பாக்கி, யார் கையில், எத்தனை தோட்டா என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் எதுவும் வெளியே போகாது. திரும்பி வரும்போது சுடாத தோட்டாவை ஒப்படைக்க வேண்டும். சுட்டிருந்தால் அதன் காலிக் கூட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு கூடு குறைந்தாலும் அந்தக் கான்ஸ்டபிளுக்கு அன்றைய தூக்கம் போயிற்று! பித்தளைக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் நான் அறிந்ததில்லை. ஆனால் கூட்டைப் பிரிந்து போன ஈயம் யார் நெஞ்சில் போய்த் தங்கியது என்பதற்கு அந்த ரிஜிஸ்தரில் இடமில்லை. அதைச் சரித்திரம்தான் எழுதி வைத்துக்கொள்கிறது.

திருப்பூர் என்றதும் நமக்குக் கொடி காத்த குமரனின் நினைவு வரும். 1932 ஜனவரி 10-ல் அவர் மண்டையில் இறங்கியது தடி. துப்பாக்கிக் குண்டு அல்ல. துப்பாக்கியின் கதையைக் கேட்க வேண்டுமானால் திருப்பூரிலிருந்து வடக்கே ஆறேழு மைல் போக வேண்டும். அங்கே கோவை - சேலம் நெடுஞ்சாலையில் பெருமாநல்லூர் இருக்கிறது. 1970 ஜூன் 19-ல் அவ்வூரில் ராமசாமி, மாரப்பன், ஆயிக்கவுண்டர் என்ற மூன்று குடியானவர்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். வழக்கு என்ன? மின்சாரக் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா!

ஒரு பைசாவுக்கா உயிரைக் கொடுப்பார்கள் என்று பட்டணத்து வாசகர் கேட்கலாம். கொங்கு நாட்டுக் கிணற்றை ஒரு முறை எட்டிப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். தலைமுறை தலைமுறையாக மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்த பூமி அது. 1930-களில் பைகாரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. ஆலைகள் அதில் ஓடின; பிறகு பனியன் மெஷின்களும் ஓடின. கிணற்றுக்கு மோட்டார் வந்தது. மாடுகள் ஓய்வு பெற்றன. ஆனால் இறைக்க இறைக்க நீர் கீழே போயிற்று. நீர் கீழே போகப் போக மீட்டர் வேகமாகச் சுற்றிற்று. பருத்தி விலை குடியானவன் கையில் இல்லை; மழையும் அவன் கையில் இல்லை. அவன் வாய்விட்டுக் கேட்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரு பைசாதான். சி. நாராயணசாமி நாயுடுவின் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டதற்குக் காரணம் இதுவே.

எதிரே நின்ற போலீஸ்காரனையும் நாம் மறந்துவிடக்கூடாது. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1965 பிப்ரவரியில், ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, இதே திருப்பூரில் இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் கூட்டம் உயிரோடு எரித்தது. கூட்டத்தின் முன் துப்பாக்கியுடன் நிற்கிறவன் மனத்தில் இப்படிப்பட்ட நினைவுகளும் நிற்கும். பயந்தவனுடைய விரல் தானாக மடங்கும். விதிகளை எழுதியதே அந்த விரலுக்காகத்தான்.

1964-லேயே ஐ.ஜி.க்களின் மாநாடு இதற்கு மாதிரி விதிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. முதலில் எச்சரிக்க வேண்டும். மிகக் குறைந்த பலத்தையே உபயோகிக்க வேண்டும். சுட்டுத்தான் தீர வேண்டுமென்றால் தாழ்த்திக் குறி வைக்க வேண்டும். காயம்பட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இவற்றோடு, தலைக்கு மேலே சுடாதே என்றும் ஒரு விதி. வானத்தைப் பார்த்துச் சுடுவதுதானே கருணை என்று நாம் நினைக்கிறோம். பழைய பாயின்ட் 303 ரைபிளின் தோட்டா வினாடிக்கு 2,400 அடிக்கு மேல் பாயும்; இரண்டு மைல் தாண்டியும் போகும். கூட்டத்தைத் தாண்டிய குண்டு, கூட்டத்துக்கே வராமல் காட்டில் களை பறித்துக்கொண்டிருப்பவள் மேல் விழலாம். கருணைக்கும் குறி வேண்டும்.

அந்தப் பழைய துப்பாக்கியில் ஒரு நன்மை இருந்தது. ஒரு முறை சுட்டதும் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். அந்த இரண்டு வினாடியில் ஒரு மனிதன் யோசிக்கலாம். அதிகாரி ‘நிறுத்து’ என்று கத்தலாம். பின்னால் வந்த எஸ்.எல்.ஆர். அந்த அவகாசத்தையும் கொடுப்பதில்லை. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். துப்பாக்கி விட்டுவிட்ட நிதானத்தை இனி மனிதன்தான் பழகிக்கொள்ள வேண்டும். விதி புஸ்தகத்தில் இருந்தால் போதாது. விரலில் இருக்க வேண்டும்.

விரலில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 2018 மே மாதம் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். அதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை 2022-ல் சட்டசபைக்கு வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்களை மறைவிடத்திலிருந்து சுட்டார்கள் என்று அது சொல்லிற்று. 1964-ன் விதிகளுக்கு அப்போது வயது 54.

மறுபடியும் பெருமாநல்லூருக்கு வருகிறேன். 1990 வாக்கில் தமிழ்நாட்டு விவசாயியின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. சண்டைக்குக் காரணமான பைசா நாணயமும் 2011-ல் சட்டப்படி செல்லாததாகிவிட்டது. கொடுப்பதா, குறைப்பதா என்று சர்க்காரும் குடியானவனும் மல்லுக்கு நின்ற தொகையை இன்று ஒரு பிச்சைக்காரரும் கை நீட்டி வாங்கமாட்டார். கட்டணத்தை ஏற்றலாம், இறக்கலாம், அடியோடு எடுத்தும் விடலாம். சுட்ட தோட்டாவை மட்டும் யாராலும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான், திரும்பி வந்த கூட்டை எண்ணுவதைக் காட்டிலும், புறப்படப் போகிற தோட்டாவை ஒரு கணம் தாமதப்படுத்துவதே பெரிய காவல் என்று எனக்குப் படுகிறது.