கமால் (மென்பொருள்)

இக்கட்டுரை மென்பொருள் பற்றியது. விண்மீனின் உயரத்தை அளந்து அகலக்கோட்டை அறிய அரபு மாலுமிகள் பயன்படுத்திய கருவி பற்றி அறிய, கமால் (கருவி) கட்டுரையைப் பார்க்கவும்.

கமால் என்பது கொள்கலன்களில் பொதியப்பட்ட வலைச் செயலிகளை வழங்கிகளில் நிறுவி இயக்க உதவும் திறந்த மூல மென்பொருளாகும். ரூபி நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட இது, 37சிக்னல்சு நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு எம்ஐடி உரிமத்தின் கீழ் வெளியிடப்படுகின்றது. இதன் கட்டளைகளை மனிதர்கள் மட்டுமன்றிச் செயற்கை அறிவு முகவர்களும் இயக்கக்கூடும் என்பதால், முகவர்களுக்கேற்ப இதனை ஆவணப்படுத்துவது தனிக் கவனம் பெறும் விடயமாகியுள்ளது.

வரலாறு

37சிக்னல்சு நிறுவனம், வாடகை மேகக் கணிமையிலிருந்து வெளியேறித் தன் சொந்த வழங்கிகளுக்கு மாறப்போவதாக 2022 அக்டோபரில் அறிவித்தது. இம்மாற்றத்திற்குத் தேவையான கருவியாக, ரூபி ஆன் ரெயில்சை உருவாக்கிய டேவிட் ஹைன்மயர் ஹான்சன் இம்மென்பொருளைத் தொடங்கினார். 2023இல் எம்ஆர்எஸ்கே என்ற பெயரில் வெளிவந்த இது, அவ்வாண்டிலேயே கமால் எனப் பெயர் மாற்றப்பட்டது. இரண்டாம் பதிப்பு 2024 செப்டம்பரில் வெளியானது. 2024 நவம்பரில் வெளிவந்த ரெயில்சு 8, புதிய செயலிகளில் கமாலை இயல்பாகவே சேர்த்தது.

செயற்படும் முறை

வழங்கிகளின் முகவரிகள், படிமத்தின் பெயர் முதலிய விவரங்கள் ஓர் யாமல் அமைவுக்கோப்பில் எழுதப்படுகின்றன. "கமால் டிப்ளாய்" என்னும் கட்டளை பின்வரும் படிகளைச் செய்கின்றது:

1. டாக்கர் மூலம் செயலியின் படிமத்தை உருவாக்கிப் பதிவகத்தில் ஏற்றுதல்.
2. எஸ்எஸ்எச் வழியாக வழங்கிகளுடன் இணைந்து, அப்படிமத்தை அங்கு இறக்குதல்.
3. பழைய கொள்கலன் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதியதைத் தொடக்குதல்.
4. புதிய கொள்கலன் நலமாக உள்ளதா எனச் சோதித்தல். நலமெனில் பயனர் வேண்டுகோள்கள் அதற்குத் திருப்பப்பட்டுப் பழையது நிறுத்தப்படும்.

இயல்பு அமைப்பில் புதிய கொள்கலன் 30 நொடிகளுக்குள் நலமாகவில்லை எனில் நிறுவல் தோல்வியடையும். பழையதே தொடர்ந்து சேவை வழங்கும்.

ஆவணங்கள்

அமைவுக்கோப்பில் எழுதத்தக்க ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய விளக்கம் மூலநிரலுடன் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளது. "கமால் டாக்ஸ்" என்ற கட்டளையால் இதனை முனையத்திலேயே படிக்கலாம். பயனர் எழுதும் அமைவுக்கோப்பைச் சரிபார்க்கவும் இவ்விளக்கக் கோப்புகளே பயன்படுகின்றன. ஆகவே விளக்கமும் நிரலும் ஒன்றுக்கொன்று முரண்படும் வாய்ப்பு குறைவு. நிறுவப்பட்ட பதிப்புக்கு உரிய விளக்கமே கிடைப்பதால், முகவர்களுக்கு இது மிகவும் பொருத்தமான மூலமாகும்.

இவற்றின்றி, செயல்திட்டத்திற்கே உரிய நெறிகளை முகவர்களுக்குக் கூற 2025இல் பரவலான "ஏஜென்ட்ஸ்" என்னும் மார்க்டவுன் கோப்பையும் பயன்படுத்தலாம். இது நிரல் களஞ்சியத்தின் முதன்மை அடைவில் வைக்கப்படுகின்றது.

முகவர்களுக்கான ஆவணத்தில் கவனிக்க வேண்டியவை

ஆவணத்தில் விடுபட்டதை மனித வாசகர் அனுபவத்தால் நிரப்புவார், அல்லது பிறரிடம் கேட்பார். முகவரோ அதனை ஊகத்தால் நிரப்பி, உடனே கட்டளையையும் இயக்கிவிடக்கூடும். எனவே ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதுடன், அதன் விளைவைத் திரும்பப் பெற இயலுமா என்பதையும் ஆவணம் கூறுதல் வேண்டும்.

பதிப்பு வேறுபாடு: முதற்பதிப்பில் டிராஃபிக் என்னும் பதிலி பயன்பட்டது, இரண்டாம் பதிப்பில் கமால் பிராக்சி அதன் இடத்தைப் பெற்றது. செயலியின் இயல்பு வாயில் எண் 3000இலிருந்து 80 ஆக மாறியது. பழைய நூற்பகுதிகளில் பயிற்சி பெற்ற மொழி மாதிரிகள் நீக்கப்பட்ட கட்டளைகளைப் பரிந்துரைக்கக்கூடும். பதிப்பெண்ணை ஆவணத்தின் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது இதனைத் தவிர்க்கும்.

அழிக்கும் கட்டளைகள்: "கமால் ரிமூவ்" என்பது செயலி, பதிலி, தரவுத்தளம் போன்ற துணைச்சேவைகள் ஆகிய அனைத்தையும் வழங்கியிலிருந்து நீக்கும். துணைச்சேவையின் அடைவும் நீக்கப்படுவதால், தரவுகள் அவ்வடைவில் இருப்பின் அவையும் அழியும். இக்கட்டளை இயங்குமுன் பயனரிடம் உறுதி கேட்கும். ஆனால் "ஒய்" என்ற தெரிவைச் சேர்த்தால் கேட்காது. கேள்விக்குக் காத்திராமல் இயங்க வேண்டி முகவர்கள் இத்தகைய தெரிவுகளைச் சேர்ப்பதுண்டு. மனித ஒப்புதலின்றி இயக்கலாகாது என்பதை இவ்விடத்திலேயே எழுதுதல் நன்று.

பின்வாங்கல்: "கமால் ரோல்பேக்" பழைய கொள்கலனை மீண்டும் இயக்கும். இயல்பாக அண்மைய 5 கொள்கலன்களே வைத்திருக்கப்படும். தரவுத்தளத்தில் ஏற்கனவே செய்யப்பட்ட மாற்றங்களை இது மீட்பதில்லை. இவ்வரம்பு கூறப்படாவிடில், எந்த நிறுவலையும் அச்சமின்றிச் செய்யலாம் என்று முகவர் முடிவு செய்யும்.

மறைமதிப்புகள்: "கமால் கான்ஃபிக்" என்பது தீங்கற்றதாகத் தோன்றும் கட்டளை. ஆனால் அது கடவுச்சொற்கள் உள்ளிட்ட முழு அமைவையும் காட்டும். முகவர் இதனை இயக்கினால் அவை மொழி மாதிரிக்கு அனுப்பப்படும் உரையில் கலந்துவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

• டாக்கர்
• குபர்நெட்டிசு
• ரூபி ஆன் ரெயில்சு
• மென்பொருள் ஆவணமாக்கம்