பெர்சிவல் பாட்டனாரின் முதுசொம்

மலர்க்குழுவினர் அன்போடு கட்டுரை கேட்டதும், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரைப் பற்றி எழுதுவதே என் கடமை எனத் துணிந்தேன். தம் இறுதிக்காலத்தை நம் ஏற்காட்டில் கழித்து, 1882-இல் இங்கேயே கண்மூடியவர் அவர்.  அவர் விட்டுச்சென்றதைச் சொல்லும் முன், முதுசொம் (மூதாதையர் விட்டுச்செல்லும் சொத்து) என்பது எது எனப் பார்ப்போம்.

மூத்தோர் விட்டுச்செல்வது

நல்லவர் ஈட்டியது பேரப்பிள்ளைகள் வரை சென்று சேரும் என்பது நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரத்தின் போதனை. பவுல் அப்போஸ்தலரும் இளைஞன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசவந்த இடத்தில், அது முதலில் அவன் பாட்டி லோவிசாளிடம் குடியிருந்ததை நினைவூட்டுகிறார். திருவள்ளுவரோ, கற்றோர் அவையில் மகனை முந்தியிருக்கச் செய்வதையே தந்தை செய்யும் நன்மையாக வைத்தார். பவுல், வள்ளுவர் இருவர் கூற்றிலும் நிலமும் பொன்னும் பேசப்படவில்லை. விசுவாசமும் கல்வியுமே குடும்பத்தின் முதுசொம்.

யாழ்ப்பாணத்துத் திருப்பணி

1826-இல் வெஸ்லியன் மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்த பெர்சிவல், தமிழை ஐயந்திரிபறக் கற்றார். இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் புகழ்பெற்றுள்ள பள்ளியை 1834 முதல் தலைமையேற்று வளர்த்தார். அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தவர் நல்லூர் ஆறுமுகம். பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்தால் ‘நாவலர்’ பட்டம் பெற்ற பெருந்தகை அவரே.

வேதாகமத்தை நல்ல தமிழில் தர விரும்பிய பெர்சிவல், நெற்றியில் நீறணிந்த அச்சைவரையே துணையாகத் தேர்ந்தார். ஆறுமுகம் 1847-இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கிய பிறகும் பாதிரியார் அவரை விலக்கவில்லை. 1848-இல் நாவலர்தாமே சமயத் தொண்டுக்காகப் பணியைத் துறந்தார். பெர்சிவலும் நாவலரும் மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று தமிழ்ப் புலவர் மழவை மகாலிங்கையரின் பார்வைக்கு வைத்ததையும், அவர் அதைப் பாராட்டியதையும் நாவலர் சரித்திரம் கூறும். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது.

தம் விசுவாசத்தில் எள்ளளவும் தளராத ஒருவர், பிறர் சமயத்துப் புலமையை இவ்வளவு மதித்தாரே! கிறிஸ்து போதித்த தாழ்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சென்னையில்

பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். ‘தினவர்த்தமானி’ வார இதழை நடத்தினார். அவ்விதழ்ப் பணிக்கு அவர் அழைத்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். கலித்தொகையை அச்சில் ஏற்றி நம் சங்கச் செல்வத்தைக் காத்தார்.

யாழ்ப்பாணத்திலேயே பழமொழிகளைத் தொகுக்கத் தொடங்கிய பெர்சிவல், 1874-இல் 6,000-க்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். சாலொமோனின் நீதிமொழிகளில் ஊறிய உள்ளம், தமிழ்க் குடியானவரின் வாய்ச்சொல்லிலும் அதே ஞானத்தைக் கண்டு போற்றியது.

குடும்பம்

அவருடைய மகள் எலிசபெத்தை மணந்தவர், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட். அவரும் ஓய்வுக்காலத்தில் நம் மலையையே இல்லமாகக் கொண்டார். அவருடைய நினைவிடம் நமது தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது. பேரன் ஹென்றியோ 1884-இல் தந்தையுடன் கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தாய்ந்தார். மாமனார் இம்மண்ணின் வாய்மொழியைத் திரட்டினார். மருமகனும் பேரனும் இம்மண்ணின் தொன்மையைத் திரட்டினர். முதுசொம் வீண்போகவில்லை.

இளையோருக்கு

ஏற்காட்டுப் பிள்ளைகளே, உங்கள் தாத்தா பாட்டியின் அருகே அமருங்கள். அவர்கள் சொல்லும் ஜெபத்தையும் கதையையும் பழமொழியையும் எழுதிவையுங்கள். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களது வழக்குச் சொற்களும் வழிவழிக் கதைகளும் முழுமையாக ஏட்டில் ஏறவேண்டும். அவர்கள் ஊருக்குச் சென்று, மரியாதையோடு கேட்டுத் தொகுங்கள். பிற சமயத்து அறிஞரைக் கண்டால் வணங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். இம்மலர் கைக்கு வந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தொடங்குங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக!